வெள்ளிக்கிழமை வந்த வினைச்சொல்

நாலு பேர் படிக்கிற இடத்தில் எழுத எனக்கு யோக்கியதை இல்லை. பத்தாவது வரை படித்தேன், அதையும் சொல்லிக்கொள்ளும்படி முடிக்கவில்லை. கல்யாண வீட்டுக்குப் போனால்கூட யாராவது வந்து பேச்சுக் கொடுத்துவிடுவார்களோ என்று பயந்து, பாத்திரம் கழுவுகிற பக்கம் போய் நின்றுகொள்கிறவள் நான். எழுதும்போது எதிரே முகங்கள் இருக்காது என்கிற தைரியத்தில்தான் எழுதுகிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். சொல்லப்போவதே ஒரு பிழையைப் பற்றித்தான்.

எங்கள் வீடு சித்தூரில், சர்ச்சுக்குப் பின்னால் இருந்த தெருவில். வீட்டில் தமிழ், கடைத்தெருவில் தெலுங்கு. இங்கிலீஷ் பள்ளிக்கூடத்துக்குள் மட்டும் இருந்தது. நான் படித்த பெண்கள் பள்ளியில் தமிழ்ப் பிரிவு உண்டு என்றாலும், எட்டாவதில் எங்களுக்கு இங்கிலீஷ் எடுத்த சார் தெலுங்குக்காரர். அதனால் தமிழ்ப் பிள்ளைகளான நாங்கள் இங்கிலீஷ் இலக்கணத்தைத் தெலுங்கில் படித்தோம். பெயர்ச்சொல் எங்களுக்கு நாமவாசகம். வினைச்சொல் க்ரியா. பெரிய, சின்ன, நல்ல என்று பெயருக்கு முன்னால் வருகிற சொல்லெல்லாம் விசேஷணம்.

"ஒக்க மாட்ட, மூடு பனுலு" என்பார் சார். ஒரு சொல், மூன்று வேலை. இங்கிலீஷ்காரர்கள் சொற்களை நிறையச் செய்யாமல், செய்த சொல்லையே பல வேலைக்கு அனுப்பினார்கள் என்பது அவருடைய எண்ணம். அதையே ஒரு விளையாட்டாக வைத்திருந்தார். அவர் ஒரு சொல்லைச் சொன்னால் முதல் பெஞ்சு பெயராகவும் அடுத்த பெஞ்சு வினையாகவும் அதற்குப் பொருள் சொல்ல வேண்டும். வாட்டர் என்றால் தண்ணீர். வினையானால் தண்ணீர் ஊற்று. மில்க் என்றால் பால், பால் கற. டஸ்ட் என்றால் தூசு, தூசு தட்டு. பேர் என்றால் கரடி, வினையானால் பொறுத்துக்கொள். இந்த இடத்தில் வகுப்பே சிரித்துவிட்டது. கரடிக்கும் பொறுமைக்கும் என்ன உறவு என்று ஒருத்தி கேட்டாள். அதெல்லாம் உறவில்லை, ஒரே வீட்டில் குடியிருக்கிற இரண்டு வாடகைக்காரர்கள், அவ்வளவுதான் என்றார் சார்.

வாயே திறக்காத நான் அந்த விளையாட்டில் மட்டும் திறப்பேன். நானாகவே ஒரு விதியும் கண்டுபிடித்திருந்தேன். கிளீன் விசேஷணமானால் சுத்தமான, வினையானால் சுத்தமாக்கு. ட்ரை என்றால் காய்ந்த, பிறகு காயவை. எம்ப்டி என்றால் காலியான, பிறகு காலியாக்கு. ஆக, எந்த விசேஷணத்தையும் பிடித்து 'ஆக்கு' சேர்த்தால் வினைச்சொல் கிடைத்துவிடும். இதை ஒருநாள் எழுந்து நின்று சொன்னேன். சார் "சபாஷ்" என்றார். அந்தச் சபாஷுக்குப் பிறகு என் தலை சரியாக இருந்திருக்காது என்று இப்போது தோன்றுகிறது.

அந்த வருஷம் அக்கா நர்சுப் படிப்புக்கு விண்ணப்பம் போட்டிருந்தாள். ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் மூன்று வருஷப் படிப்பு, அங்கேயே விடுதி. பாதியில் கல்யாணம் என்று சொல்லிப் பெண்ணைக் கூட்டிக்கொண்டு போய்விடுகிறவர்கள் அதிகமாகிவிட்டதால், பெண்களைச் சேர்ப்பதற்கு முன்னால் அங்கே நர்சுகளுக்கெல்லாம் பெரியவராக இருந்த மேட்ரன் அம்மாவே ஜீப்பில் வீடு வீடாக வந்து பெற்றவர்களைப் பார்த்துப் பேசுவார். அவர் சரி என்றால்தான் இடம். அக்காவுக்கு அந்த இடம் கிடைக்காவிட்டால் சத்தியவேட்டுப் பக்கம் ஒரு வரன் தயாராக இருந்தது. இரண்டாம் தாரம். அக்கா அதைப் பற்றிப் பேச்செடுத்தாலே எழுந்து போய்விடுவாள்.

மேட்ரன் அம்மா கல்கத்தாப் பக்கத்து ஆங்கிலோ இந்தியர். தமிழும் தெலுங்கும் வராது. வெள்ளிக்கிழமை பகலில் வருகிறார் என்று முந்தின நாள் சாயங்காலம் சொல்லி அனுப்பினார்கள். இங்கிலீஷுக்கு ஆள் வேண்டும் என்று அம்மா அன்றைக்கு என்னைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பவில்லை. அப்பாவை நாங்கள் நைனா என்போம்; அவருக்கு லீவு கிடைக்கவில்லை. அவர் சர்க்கார் ஆஸ்பத்திரியில் அட்டெண்டர். ஆகவே வீட்டில் ஒரு ஆண்பிள்ளை இருக்கட்டும் என்று, திருப்பதி பஸ்ஸில் கண்டக்டராக இருந்த சின்ன நைனாவை, அதாவது நைனாவின் தம்பியை, வரச்சொல்லியிருந்தார்கள்.

சின்ன நைனா வந்ததும் வராததுமாக அக்காவைச் சீண்ட ஆரம்பித்துவிட்டார்.

"இன்னாம்மா, பொண்ணு பாக்க ஜீப்புல வர்றாங்களாமே? மாப்ள வூட்டாரு வெறும் பஸ்ஸுல கூட டிக்கெட்டு எடுக்காம வருவானுங்க."

"சும்மா இரு சின்ன நைனா. எனக்குக் கை நடுங்கிக்கினு கீது."

"நடுங்கற கையில ஊசி போட்டா பேஷண்டு இன்னாத்துக்கு ஆவான்?"

அம்மாவுக்குச் சிரிப்பு வரவில்லை. காலையிலேயே இருந்த ஒரே முட்டைக்கோழியை அடித்துவிட்டாள். வீட்டில் எப்போதும் களிதான். அன்றைக்கு அரிசிச் சோறு. பாஸ்டர் வீட்டிலிருந்து பூப்போட்ட பீங்கான் தட்டு ஒன்றும் கரண்டி ஒன்றும் இரவல் வாங்கி வந்திருந்தாள். அந்தம்மா நம் வீட்டில் துன்னுவாங்களா, துன்னுவாங்களா என்று அடுப்படியிலிருந்தே கேட்டுக்கொண்டிருந்தாள். யாரைக் கேட்டாள் என்று தெரியாது.

அதற்கு ஒரு காரணம் இருந்தது. முந்தின வருஷம் எங்கள் சபையைச் சேர்ந்த பெரிய வீட்டு அம்மா ஒருவர் ஏதோ காரியமாக வந்தார். அம்மா காபி போட்டுக் கொடுத்தாள். "இப்பத்தான் வூட்ல சாப்ட்டு வந்தேன்" என்று அவர் டம்ளரைத் தொடவில்லை. அவர் போன பிறகு அம்மா அந்தக் காபியை நாங்கள் கேட்டும் எங்களுக்குத் தராமல் சாக்கடையில் ஊற்றினாள். அவர் நிஜமாகவே சாப்பிட்டுவிட்டு வந்தார் என்றுதான் நான் நினைத்தேன். எங்கள் தாத்தா காலம்வரை நாங்கள் எந்தத் தெருவில் இருந்தோம், யார் நிலத்தில் கூலி செய்தோம் என்பதெல்லாம் எனக்கு யாரும் சொல்லவில்லை. சபையில் ஒரே பெஞ்சில் உட்காருகிறவர்கள் ஒரே டம்ளரில் குடிப்பார்கள் என்று நம்புகிற வயது.

ஜீப் உச்சிவேளையில் வந்தது. மேட்ரன் அம்மா உயரமாக, வெள்ளைக் கவுனில், நரைத்த கிராப்புத் தலையோடு குனிந்து உள்ளே வந்தார். இருந்த ஒரே நாற்காலியில் அவரை உட்கார வைத்தோம். டிரைவர் ஜீப்பிலேயே இருந்துகொண்டான். அக்கா பத்தாவது தேறியவள்தான், ஆனால் பெயர் என்ன என்று அவர் கேட்டதற்கே அம்மாவுக்குப் பின்னால் ஒதுங்கிவிட்டாள். அம்மா என் முதுகில் கைவைத்து முன்னால் தள்ளினாள்.

அடுத்த கொஞ்ச நேரம் என் வாழ்க்கையிலேயே நான் பெரிய ஆளாக இருந்த நேரம். மூன்று வருஷமும் படிக்க விடுவீர்களா என்று கேட்டார், தமிழில் சொன்னேன். நடுவில் கல்யாணம் பண்ணமாட்டீர்களே என்றார், சொன்னேன். "கர்த்தர் மேல ஆணையா பண்ணமாட்டோம்னு சொல்லுடி" என்றாள் அம்மா. ஆணை என்பதற்கு இங்கிலீஷ் தெரியாததால் வெறும் 'நோ மேடம்' என்றேன். ஏன் நர்ஸ் பண்ண விரும்புகிறாய் என்று அக்காவைக் கேட்டார். நர்ஸ் என்பது பெயர் மட்டுமில்லை, வினையும்கூட என்பது எனக்குத் தெரியும், நோயாளியைப் பார்த்துக்கொள்வது. அடுத்ததாக, ஆஸ்பத்திரி நாற்றத்தை உன்னால் பேர் பண்ண முடியுமா என்றார். எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. கரடி இல்லை, கரடி இல்லை என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு, "நாத்தத்தப் பொறுத்துக்குவியான்னு கேக்குறாங்க" என்றேன்.

"எங்க நைனா துணியே ஆஸ்பத்திரி நாத்தம்தான், பழக்கம்னு சொல்லு" என்றாள் அக்கா. மேட்ரன் அம்மா வந்த பிறகு அவள் வாயிலிருந்து வந்த முதல் முழு வாக்கியம் அது. நான் சொன்னதும் மேட்ரன் அம்மா சத்தமாகச் சிரித்தார். சின்ன நைனா எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி பின்னாலிருந்து விரலைச் சொடுக்கினார்.

எல்லாம் நல்லபடி முடிந்துவிட்டது. அம்மா முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டு, "ஒரு வாய் துன்னுட்டுப் போவாங்களான்னு கேளு" என்றாள். குரல் இறங்கிப்போயிருந்தது.

கேட்டேன். மேட்ரன் அம்மா என் கன்னத்தைத் தொட்டு, சிரித்துக்கொண்டே, "ஐ ஃபாஸ்ட் ஆன் ஃப்ரைடேஸ், டியர்" என்றார்.

ஃபாஸ்ட் எனக்குத் தெரிந்த சொல். விசேஷணம். ஃபாஸ்ட் டிரெயின், வேகமான ரயில். ஆனால் இங்கே 'ஐ' என்பதற்குப் பின்னால் வந்திருக்கிறது. ஆகவே க்ரியா. 'ஆக்கு' சேர்த்தேன். வேகமாக்கு. வெள்ளிக்கிழமைகளில் நான் வேகமாக்குகிறேன். எவ்வளவு அழகாகப் பொருந்தியது! வெளியே ஜீப் வேறு நிற்கிறது.

"வெள்ளிக்கெழமன்னா அவங்களுக்கு அவசரமாம்மா. சீக்கிரமாப் போடணுமாம்."

"வேணாம்னு சொல்லலியே?"

"இல்லம்மா. சீக்கிரம்னுதான் சொல்றாங்க."

அம்மா முகம் மலர்ந்ததை நான் மறக்கவில்லை. அடுப்படிக்கு ஓடினாள். அக்கா தண்ணீர்ச் செம்போடு ஓடினாள். சின்ன நைனாவும் என் பக்கம்தான். "ஃபாஸ்ட்டுன்னா ஸ்பீடு. தெனம் பாசஞ்சருங்க எங்க டிரைவர இதச் சொல்லித்தானே திட்றானுங்க" என்றவர், சோறு கொதிக்கக் கொதிக்க இருந்ததால், பழைய பேப்பரை எடுத்துத் தட்டுக்கு மேலே விசிற ஆரம்பித்தார்.

மேட்ரன் அம்மா எழுந்தே விட்டார். இரண்டு கையையும் ஆட்டி, "நோ, நோ, ஐ ஆம் ஃபாஸ்டிங்" என்றார்.

இதுவும் எனக்குத் தெரியும். 'இங்' வந்தால் இப்போது செய்துகொண்டிருப்பது. "இப்பவே ரொம்ப அவசரத்துல இருக்கறாங்களாம்" என்றேன். சின்ன நைனா இன்னும் வேகமாக விசிறினார். அம்மா ஒரு கோழிக்காலைத் தேடி எடுத்துத் தட்டில் வைத்து, தட்டை இரண்டு கையாலும் ஏந்தி நீட்டினாள்.

மேட்ரன் அம்மா தட்டைப் பார்த்தார். பிறகு அம்மாவைப் பார்த்தார்.  அப்புறம் உட்கார்ந்து, தட்டை மடியில் வாங்கிக்கொண்டு, கண்ணை மூடி ஜெபம் பண்ணினார். சாப்பாட்டு ஜெபத்துக்கு அவ்வளவு நேரம் ஆகாது. அவசரமாக இருக்கிறவர் ஏன் இவ்வளவு நேரம் ஜெபம் பண்ணுகிறார் என்று எனக்கு இருந்தது. கண்ணைத் திறந்து, இரவல் கரண்டியை ஓரமாக வைத்துவிட்டு, கையால் சாப்பிட்டார். ஒவ்வொரு வாயாக, நிதானமாக.

"இதான் அவங்க ஃபாஸ்ட்டா?" என்று சின்ன நைனா என் காதில் கேட்டார். "எங்க பஸ்ஸு இப்டிப் போனா என்னை வேலைய வுட்டுத் தூக்கிடுவாங்க."

அம்மா, வெளியே இருக்கிற டிரைவருக்கும் போட வேண்டும் என்று அவனைக் கூப்பிடச் சொன்னாள். அவன் முகத்து வியர்வையைத் துடைத்துக்கொண்டே உள்ளே வந்து, அப்படியே நின்றுவிட்டான்.

"அம்மகாரு திண்டுன்னாரே!" என்றான் சின்ன நைனாவிடம் தெலுங்கில். "ஈரோஜு சுக்ரவாரம் கதா, ஆமெகு உபவாசம்."

அம்மா சாப்பிடுகிறாரே, இன்றைக்கு வெள்ளிக்கிழமை, அவருக்கு உபவாசமாயிற்றே என்று அவனுக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. இத்தனை வருஷமாக வெள்ளிக்கிழமை பொழுது சாய்கிறவரை பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காதவர், பெரிய டாக்டர் வீட்டு விருந்தில்கூடச் சும்மா உட்கார்ந்திருந்தவர் என்று சொல்லிக்கொண்டே போனான். அவன் அவ்வளவு சொல்லியிருக்க வேண்டியதில்லை. உபவாசத்துக்குத் தெலுங்கிலும் தமிழிலும் ஒரே சொல்தான். மாதாமாதம் சர்ச்சில் பெண்கள் கூடுகிற உபவாச ஜெபத்துக்கு அம்மா என்னையும் கூட்டிக்கொண்டு போவாள். அந்த உபவாசத்துக்கு இங்கிலீஷில் ஒரு பெயர் இருக்கும் என்றோ, அது ரயில் வேகத்தோடு ஒரே வீட்டில் குடியிருக்கும் என்றோ எனக்குத் தோன்றியதே இல்லை.

அம்மா கையில் குழம்புக் கரண்டி அப்படியே நின்றது. குழம்பு சொட்டுச் சொட்டாகத் தரையில் விழுந்தது. சின்ன நைனா பேப்பரை மடித்து முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டார். அக்கா என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் சத்தியவேடு இருந்தது.

"தெரியாம பண்ணிட்டோம், மன்னிக்கச் சொல்லுடி" என்றாள் அம்மா. "சொல்லுடி. அவங்களாண்ட சொல்லு."

 சாரி என்கிற சொல்கூட என்னிடம் இல்லை. பெயர், வினை, விசேஷணம் எல்லாம் என்னை விட்டுப் போய்விட்டன. காது மடல் எரிந்தது. யாரையும் பார்க்காமல் பின்பக்கம் ஓடி, குளிக்கிற இடத்துக் கீற்றுத் தடுப்புக்குப் பின்னால் உட்கார்ந்துவிட்டேன்.

கீற்று இடுக்கு வழியாக உள்ளே தெரிந்தது. அம்மா கைகூப்பி நின்றிருந்தாள். மேட்ரன் அம்மா எங்கள் எல்லோர் முகத்தையும் படித்திருக்க வேண்டும். அவர் தட்டில் அநேகமாக ஒன்றும் மிச்சமில்லை. அந்தத் தட்டை அம்மாவுக்கு நேராக நீட்டி, இன்னொரு கையால் குழம்புச் சட்டியைக் காட்டினார். அம்மா அசையவில்லை. அவரும் தட்டை இறக்கவில்லை. கடைசியில் அம்மா ஒரு கரண்டி ஊற்றினாள். அவர் தலையாட்டி, இன்னும் கொஞ்சம் என்பதுபோல விரலால் காட்டினார். இரண்டாம் தடவையும் சோறு வாங்கிச் சாப்பிட்டார். அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள்.

புறப்படும்போது, சின்னவள் எங்கே என்று கேட்டார். எல்லாச் சொல்லும் எனக்குப் புரிந்தது. நான் வெளியே வரவில்லை. ஜீப் சத்தம் தேய்ந்த பிறகும் வரவில்லை.

சாயங்காலம் நைனா வந்து விஷயம் கேட்டார். கோபப்படவில்லை. "உபவாசத்தக் கெடுத்த வூடுன்னு ஆயிப்போச்சே" என்று மட்டும் சொல்லிவிட்டுச் சட்டையைக் கழற்றினார். "எனக்கும் ஸ்பீடுன்னுதாண்ணா தெரியும்" என்று சின்ன நைனா என் பழியில் பாதியை வாங்கிக்கொள்ளப் பார்த்தார்.  அக்கா தன் பாயை என்னைவிட்டுத் தள்ளிப் போட்டுக்கொண்டாள். நான் அடிக்காகக் காத்திருந்தேன். யாராவது அடித்திருந்தால் கொஞ்சம் ஆறியிருக்கும்.

அக்காவுக்கு இடம் கிடைத்தது. படித்து, பல ஊர்களில் வேலை பார்த்து, இப்போது ஓய்வு பெற்றுவிட்டாள். பார்க்கும்போதெல்லாம் மேட்ரன் அம்மா, உன் அம்மா சௌக்கியமா என்று கேட்பாராம். அக்கா அறிந்தவரை, அவர் வேறெந்த வெள்ளிக்கிழமையும் யார் வீட்டிலும் சாப்பிட்டதில்லை. நான் அதற்குப் பிறகு வகுப்பில் எழுந்திருக்கவில்லை. சார் இரண்டொரு தடவை என் பக்கம் பார்த்துவிட்டு, பிறகு பார்ப்பதை விட்டுவிட்டார். இங்கிலீஷில்தான் பத்தாவதில் தவறினேன். இப்போதும் டீவியில் யாராவது அந்தச் சொல்லைச் சொன்னால், எந்த வேலைக்குச் சொன்னாலும், எனக்குக் காது சுடும்.

அன்று அம்மா அழுதது என் தப்புக்காக என்றே வெகுகாலம் நினைத்திருந்தேன். எனக்குக் கல்யாணமாகி, நான் கொடுத்த டம்ளரையும் ஒருவர் தொடாமல் எழுந்து போன பிறகுதான், அம்மாவுக்கு அன்று அழுகை எந்தப் பக்கத்திலிருந்து வந்ததோ என்ற சந்தேகம் வந்தது. வேண்டாம் என்பதற்கு அந்தத் தட்டுக்கு முன்னால் இன்னொரு அர்த்தமும் உண்டு என்று அந்தக் கல்கத்தாக்காரிக்கு யார் சொன்னார்களோ, தெரியாது. அம்மாவிடம் கேட்டிருக்கலாம். வெட்கப்பட்டுக்கொண்டே இருந்துவிட்டேன், அம்மாவும் போய்விட்டாள்.

ஜீப் வந்துபோன மறுநாள் சனிக்கிழமை, பள்ளிக்கூடம் அரைநாள். அம்மா காலையிலிருந்து எதுவும் சாப்பிடவில்லை, தண்ணீரும் குடிக்கவில்லை.  பகல் சாப்பாட்டுக்குக் களி போட்டாள், நாங்கள் சாப்பிட்டோம். இருட்டிய பிறகு அவள் பீங்கான் தட்டைக் கழுவித் துடைத்து, பாஸ்டர் வீட்டில் கொடுத்துவிட்டு வந்து சாப்பிட்டாள்.